கட்டத்தாளைத் தாண்டிய மழை

கலஹா,
8.11.1936, ஞாயிறு.

அன்பு மகள் உம்மு குல்சுமுக்கு வாப்பா ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகன் ஸெய்னுலாப்தீனும் கல்முனையில் அவ்வாறே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. உம்மா அதை என்னைக் கொண்டு இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். அவளுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, ஆனாலும் துணி துவைக்க ஓயா ஆற்றுக்கு இறங்க வேண்டாம் என்றால் கேட்கிறாள் இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுடன் ஏதோ மழைக்கணக்குப் போடுவதாக எழுதினீர்களே, அது என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். அதில் நான் ஒரு பிழை செய்து, அதைத் திருத்தவும் நேர்ந்தது. விவரமாகவே எழுதுகிறேன்.

ஜூன் மாதத்தில் கடைத்தெரு சாஹுல் ஹமீது, இந்த வருசம் மழை குறைவு என்றார், பக்கத்துக் கடைக்காரர் அதிகம் என்றார், இருவரும் ஒரு கிழமை அதே பேச்சு. அளந்து பார்த்தால் தெரிந்துவிடுமே என்று எனக்குத் தோன்றியது. வகுப்பில் சொன்னேன், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஒரே அளவான மூன்று தகரப்பேணிகள் தேடினோம், பக்கம் நேராக, ஆறு அங்குல ஆழம். ஒன்று பள்ளிக்கூட முற்றத்தில், ஒன்று சாஹுல் ஹமீதின் கடைக்குப் பின்னால் வெட்டவெளியில், அதை அவர் மகன் மஹ்மூத் பார்த்துக்கொள்வான். மூன்றாவது மூன்று மைல் மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். அங்கிருந்து நடந்து வரும் நல்லம்மா என்ற பிள்ளையின் பொறுப்பு அது, வயது பதின்மூன்று, அதிகம் பேசமாட்டாள். தினமும் காலையில் அடிமட்டத்தை விட்டு அளந்து, அங்குலத்தைப் பத்தாகப் பிரித்து எத்தனை பங்கு என்று எழுதிக்கொண்டு வரவேண்டும். தேயிலைப் பெட்டிக் காகிதத்தில் பிள்ளைகளே கட்டம் போட்டார்கள். கீழே தேதி, பக்கவாட்டில் மழை, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. பள்ளிக்கூடத்துக்குக் கறுப்பு, கடைத்தெருவுக்கு நீலம், மேல் டிவிசனுக்குச் சிவப்பு. ஜூனிலும் ஜூலையிலும் மூன்று கோடும் கூட்டாளிகள் மாதிரி ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. எண்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்புவித்த பிள்ளைகள், கோட்டைப் பார்த்து, ஏன் இந்த இடத்தில் ஏறியது என்று கேட்க ஆரம்பித்ததைக் கண்டு எனக்குப் பெரிய சந்தோசம்.

அக்டோபர் பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை. முதல் நாள் பின்னேரம் இங்கே தூறினதோடு சரி. பள்ளிக்கூடப் பேணியில் இரண்டு, மஹ்மூதின் பேணியில் ஒன்று. நல்லம்மா எழுதிக்கொண்டு வந்தது நாற்பத்து மூன்று. நாலு அங்குலத்துக்கு மேல். கட்டத்தாளே முப்பதோடு முடிகிறது, அவள் அதற்கு மேல் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நின்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. பேணிக்குள் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், அல்லது நீ அளக்காமலே எழுதினாய் என்றேன். அவள், அளந்தத அளந்தபடிதான் எழுதுனேனுங்க வாத்தியாரய்யா, என்றாள். பொய்க் கணக்கை விட வெறும் தாள் மேல் என்று சொல்லி, சவர அலகை எடுத்து அந்தப் புள்ளியைச் சுரண்டினேன் மகள். சுரண்டின வேகத்தில் காகிதம் ஓட்டையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை, அடுத்த கிழமையும் வரவில்லை. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, குளிருக்கு இன்னொரு போர்வை எங்கே என்று உம்மாவிடம் கேட்டேன். போன கிழமை புதன்கிழமை ஓயாவில் கொண்டுபோய்விட்டது என்றாள். அண்டைக்கி இங்க சும்மா தூறல்தான், ஓயா மட்டும் செவந்து பொங்கி வந்து போர்வைய இழுத்துட்டுப் போயிட்டு, அது எங்க பேஞ்ச மழையோ, என்றாள். கையில் இருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்தேன், ஓயா இறங்கி வருவது மேல் டிவிசன் மலையிலிருந்து. நாலு மாதமாகப் பிள்ளைகளுக்குக் கோட்டை வாசிக்கக் கற்றுக்கொடுத்தவன், என் வீட்டுக்குப் பின்னால் ஓடும் தண்ணீரை வாசிக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் மேல் டிவிசனுக்கு ஏறினேன். தோட்டத்துக் கிளாக்கர் முறையான மழைமானி வைத்துப் புத்தகத்தில் பதிகிறவர். பதினாலாம் தேதிக்கு நேரே நாலு அங்குலமும் சொச்சமும் என்று இருந்தது, நல்லம்மா எழுதினதற்கும் அதற்கும் மயிரிழைதான் வித்தியாசம். லயத்துக்குப் போனேன். பின்பக்கத்து மண் சரிந்து கோழிக்கூட்டை மூடியிருந்தது. நல்லம்மாவின் தாய் மூக்காயி என்னைக் கண்டதும் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். வீடு பூரா ஒழுகுது, நாங்க சட்டி வச்சிக்கிட்டு நிக்கிறோம், இவ அந்த மழையில வெளிய ஓடிப்போயி பேணி சாயாம கல்லு அண்டக் குடுக்குறா, கடைசியில வாத்தியாரய்யாவே பொய்யின்னுட்டீங்க, பொய் சொல்ற புள்ளைக்கு எதுக்குப் பள்ளிக்கூடம், கங்காணிக்கிட்ட சொல்லியாச்சு, திங்கக்கிழமையில இருந்து கொழுந்தெடுக்கப் போறா, என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, முடிந்துபோன காரியத்தைச் சொல்வது மாதிரிச் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிழை என்னுடையது, பிள்ளை சொன்னது சரி, வகுப்பில் எல்லார் முன்னாலும் அதைச் சொல்கிறேன், இந்த ஒரு திங்கட்கிழமை மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டேன். அவள் தலைத்துணியை மறுபடி கட்டிக்கொண்டு உள்ளே போனாள். நல்லம்மா வாசலில் நின்றாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. பேணி இருந்த இடத்தில் மூன்று கற்கள் அப்படியே இருந்தன.

திங்கட்கிழமை மணியடித்துக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தாள், ஆனால் வந்தாள். நான் எழுந்து நின்று, நல்லம்மா அளந்தது சரி, அளந்ததை நம்பாமல் அழித்தது நான், அவள் எழுதினதைப் பொய் என்று சொன்னதும் தப்பு, என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தாளின் ஓட்டைக்குப் பின்னால் ஒரு துண்டு ஒட்டினோம், மேலே இன்னொரு தாளையும் ஒட்டி நீட்டினோம், அவளே நாற்பத்து மூன்றில் புள்ளி வைத்துச் சிவப்புக் கோட்டை இழுத்தாள். அது மற்றக் கோடுகளை விட்டு நெட்டுக்குத்தாக எழும்பி நின்றது. அதற்குப் பிறகு தொடங்கின கேள்வி இன்னும் ஓயவில்லை. மூன்று மைலுக்குள் ஏன் இப்படி என்று எல்லாரும் தாளைச் சுற்றி நின்றார்கள். கோடுகள் பிரிந்த நாட்களை எண்ணினார்கள், பதினொன்று, அத்தனையும் அக்டோபரில், ஜூனில் ஒன்றுமில்லை. ஜூன் மழை காற்றோடு வந்து மலையெல்லாம் மூடுது, இது காலையில வெயில் காய்ஞ்சி பின்னேரம் அங்கங்க எழும்புற மழை, என்று மஹ்மூத் சொன்னான். எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனால் நிச்சயம் என்று சொல்லவில்லை, சொல்லக்கூடாது என்று இப்போது தெரியும். மூக்காயி கங்காணியிடம் வருசக் கடைசி வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறாளாம். அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது, தை மாதம் மறுபடி ஏறிப்போய்க் கேட்பேன்.

முந்தாநாள் நடந்ததையும் சொல்கிறேன். காலையில் முற்றத்துப் பேணியை நானே அளந்து வந்து ஏழு என்றேன். நல்லம்மா பென்சிலைக் கீழே வைத்தாள், அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வகுப்பு என்னைப் பார்த்தது, நான் ஜன்னலைப் பார்த்தேன். திரும்பி வந்து, ஆறுதாங்க இருக்கு, என்றாள். ஆறிலேயே புள்ளி வைத்தாள்.

நோன்புக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது, இந்த நிலையில் நீ எல்லா நோன்பும் பிடிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே, விட்டதைப் பிறகு பிடிக்கலாம் என்று உம்மா கண்டிப்பாக எழுதச் சொன்னாள். உங்கள் பக்கம் மாரி தொடங்கியிருக்கும். ஒரு பேணியை வெட்டவெளியில் வைத்து, கடலிலிருந்து வரும் மழை எந்த நேரத்தில் எவ்வளவு பெய்கிறது என்று எழுதி அனுப்பு, பிள்ளைகள் நாலாவது கோட்டுக்குப் பச்சைப் பென்சில் எடுத்து வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அதிகமாக இருந்தாலும் உள்ளபடியே எழுது. உனக்கும் மருமகனுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் தருவானாக.

உன் அன்பு வாப்பா,
பளீல்