வாடையில்லாத பிசின்

காலையிலிருந்து கூடம் முழுக்க வினிகர் வாடை. பெருமாள் அறைக்குள்ளும் போயிருக்கும். போகட்டும். மீன்தொட்டியின் மூலையில் நான் வைத்த சிலிகான் பிசின் காய்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியிருப்பீர்கள்.

இரண்டு பக்கமும் ஆறு ஓடும் ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வாளி வாளியாக உப்புக் கரைத்து வீட்டுக்குள் கடல் செய்த மனிதர் நீங்கள். வெங்காயத்துக்கே யோசிக்கிற வீட்டில் மீனா என்று உங்கள் அம்மா கேட்டபோது, "மச்சாவதாரம்னு சேவிச்சுக்கோ அம்மா" என்றீர்கள். அவரும் சேவித்தார். உங்கள் குடும்பத்தில் ஓர் அவதாரத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் அப்புறம் கேள்வியே கிடையாது.

தொட்டிக்குள் இருந்த தடுப்புக் கண்ணாடி ஒருநாள் பெயர்ந்துவிட்டது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஹார்டுவேர் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் இரண்டு டியூப்களை எடுத்து வைத்தார். ஒன்றில் வினிகர் வாடை. முகர்ந்ததும் உங்கள் முகம் போன கோணல் இருக்கிறதே! "பெருமாள் பக்கத்திலே இந்த நாத்தமா?" என்றீர்கள். மற்றது குளியலறை ஓரங்களுக்குப் பூசுவது.

"இதுல வாடையே வராதுங்க சார். பூஞ்சையும் பிடிக்காதுங்க," என்றார் அவர்.

மடி, ஆசாரம், சுத்தம் எல்லாம் ஒரே டியூபில் கிடைத்துவிட்டது உங்களுக்கு.

"ஏன்னா, பூஞ்சை பிடிக்காம இருக்க மருந்து கலந்திருப்பா. மீனுக்கு ஆகுமான்னு பின்னாடி படிச்சுப் பாருங்கோ," என்றேன்.

"பிசினுக்குப் பாராயணம் வேறயா? உனக்கு ஒண்ணும் தெரியாது, வா."

அலுவலகத்தில் ஒரு கமா விட்டுப்போனாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிற அதிகாரி, விஷம் கலந்த டியூபின் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வாடையில்லாதது எல்லாம் நல்லது என்று நம்புகிறவரிடம் என்ன பேசுவது!

மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. உப்பு சரியில்லை என்றீர்கள். தண்ணீர் சரியில்லை என்றீர்கள். கடைசியில் நான் போட்ட சாம்பிராணி சரியில்லை. டியூப் மட்டும் உத்தமம். அந்தத் தடுப்பைப் பிடுங்கி எறிந்து, தொட்டியைச் சுரண்டிக் கழுவியது நான்தான். மற்றவற்றைக் கடிக்கிறான் என்று தனி வாளியில் போட்டிருந்த கோமாளி மீன் ஒன்றுதான் மிஞ்சியது. சண்டைக்காரன் என்று அவனுக்குப் பெயர் வைத்திருந்தீர்கள்.

செத்தவற்றைக் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்துவிட்டு, உறவில் யாரோ போனமாதிரி தலையோடு குளித்துவிட்டு வந்தீர்கள். ஈரம் சொட்டச் சொட்டத் தொட்டிமுன் உட்கார்ந்து அழுதீர்கள். அன்றைக்குத் திட்டுவதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது. துண்டை எடுத்து உங்கள் தலையைத் துவட்டிவிட்டேன். அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து திட்டுகிறேன்.

போன வாரம் தொட்டியின் கீழ்மூலை கசிய ஆரம்பித்தது. உங்கள் தம்பி கேள்விப்பட்டு ஓடிவந்தார், கையில் டியூபோடு. எந்த டியூப் என்று நினைக்கிறீர்கள்?

"மன்னி, இது பாத்ரூமுக்குப் போடறது. தண்ணிக்குன்னே பண்ணினது. வாடையே கிடையாது!"

உங்கள் முகம், உங்கள் குரல், உங்கள் அறிவு. ஒரு குறைச்சலும் இல்லை.

"பூஞ்சையைக் கொல்றது மீனை மட்டும் வாழவைக்குமா? எடுத்துண்டு போய் உங்காத்து பாத்ரூமுக்குப் பூசிக்கோங்கோ," என்றேன். போகிற போக்கில் அவர் சொன்னது: "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது மன்னி."

அதே கடைக்கு நானே போனேன். வினிகர் வாடை வருவதைக் கேட்டு வாங்கினேன். அந்த வாடையை மட்டும் நம்பவில்லை. சுத்தமான சிலிகான்தானா, பூஞ்சைக்கு மருந்து இல்லையா, மீன்தொட்டிக்கு ஆகும் என்று போட்டிருக்கிறதா என்று கண்ணாடி மாட்டிக்கொண்டு பின்பக்கம் முழுவதும் படித்தேன். கடைக்காரர் கொட்டாவி விட்டார். விடட்டும். வீட்டுக்கு வந்து பழைய பிசினைப் பிளேடால் வழித்து, ஈரம் போகத் துடைத்துக் காயவிட்டு, புதிதாக வைத்தேன்.

சண்டைக்காரன் இப்போது வாளியில் இருக்கிறான். காற்றுக்குழாய் விட்டிருக்கிறேன். விரலைக் காட்டினால் கடிக்க வருகிறான். பிசின் நன்றாகக் காய்ந்து, வாடை அடியோடு போகிறவரை தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டேன். உங்கள் தம்பி தினமும் போனில் அவசரப்படுத்துகிறார்.

எனக்கு அவசரமில்லை. உங்களுக்காகத் தலையோடு குளித்தாயிற்று. இந்த மீனுக்காகவும் குளிக்க நான் தயாராக இல்லை.