மழைக்காலத்து லாரிகள்

ஆய்வு மையம்,
மே 6

அன்புள்ள அக்கா,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கேட்காவிட்டால் நீயாக எழுத மாட்டாய். அந்த மலையில் சிக்னல் இல்லாத புண்ணியத்தில் நான் மறுபடி பேனா பிடிக்கிறேன். கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

ஊருக்குள் உட்கார்ந்து பேச்சுக் கேட்கிற உன்னையும், செயற்கைக்கோள் படம் பார்க்கிற என்னையும் சேர்த்து, பள்ளத்தாக்கைப் பற்றி ஒரே கட்டுரை எழுதச் சொன்னார் இயக்குநர். அதில்தான் சிக்கல். லாரி ஓட்டப் போன ஆண்கள் திரும்பவில்லை, பெண்களே நிலத்தை ஆள்கிறார்கள் என்கிறது உன் புத்தகம். மழை மாதப் படங்களில் ஊர் எல்லையில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. வயல் முழுக்க உழவு. வருஷா வருஷம் இப்படித்தான்.

நீ எப்போதும் கல்லூரி விடுமுறையில், கோடையில்தானே போனாய்? அந்தப் பெண்கள் "அவரு வீட்டுக்கு எங்க வர்றாரு?"ன்னு சலிப்பில் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாய். என் பெண்டாட்டியைக் கேட்டுப்பார், நானும் ஊரைவிட்டு ஓடினவன்தான்.

கோபப்படாதே.
உன் தம்பி


மலையிலிருந்து,
மே 19

அன்புள்ள தம்பிக்கு,

முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது. கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி சாப்பிடவில்லை.

ஆனால் நீ சொல்வது சரியாக இருக்கலாம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்களே. நீ கண், நான் காது. தீர விசாரிக்கத்தானே நம் இரண்டு பேரையும் ஒரு நுகத்தில் பூட்டினார்கள்?

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் நில அலுவலகம் இங்கே பட்டாவைப் பெண்கள் பெயருக்கு மாற்றியது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரிக்கும் அப்படித்தான் கிடைத்தது. நான் மழை முடியும்வரை இருந்து, வருகிற ஆண்களிடமே கேட்கிறேன். அதுவரை படத்தை வெளியே விடாதே.

சாப்பிட மறக்காதே.
அக்கா


ஆய்வு மையம்,
ஜூலை 2

அன்புள்ள அக்கா,

கட்டுரை வெளிவந்துவிட்டது. நான் தடுக்கவில்லை என்று நீ சொல்வாய். இதழின் கெடு முடிகிறது, படமே போதும், பேச்சை அடுத்த கட்டுரையில் சேர்க்கலாம் என்றார் இயக்குநர். நானும் தலையாட்டிவிட்டேன். உன் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறோம். எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

பிரதி ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். மழை பிடித்துவிட்டதா?

தம்பி


மலையிலிருந்து,
ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

மழை பிடித்துவிட்டது. லாரிகள் வந்தன, உன் படத்தில் தப்பே இல்லை. ஆண்கள் உழுகிறார்கள், கூரை மாற்றுகிறார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். எதை விதைப்பது, எதை விற்பது என்று கேட்டால் மட்டும், "அவளைக் கேளுங்க, எனக்கென்ன தெரியும்"னு வீட்டைக் காட்டுகிறார்கள். ஒருத்தர் விடாமல் அதே பதில்தான். இத்தனை வருஷமும் கோடையில் மட்டும் வந்ததால் அவர்கள் வருவதை நான் பார்க்கவில்லை. வந்தும் ஆள்வது பெண்கள்தான் என்பது உன் படத்துக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

போன வாரம் நில அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வந்தது. ஆண்கள் ஊரில் இருப்பது ஆய்வில் தெரிய வந்ததால் பட்டாவை அவர்கள் பெயருக்கே திருப்புகிறார்களாம். நம் கட்டுரையின் நகலையும் கூடவே குத்தி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்காரியின் புருஷன் நோட்டீஸைக் கூரையில் செருகிவிட்டு உழப் போய்விட்டார். அவருடைய அண்ணன் வந்து வயலை அளந்து பார்த்துவிட்டுப் போனான்.

நில அலுவலகத்தில் இதற்காக நடக்கும் விசாரணைக்கு நான் போகிறேன். நீயும் வந்து சொன்னால் நல்லது. வருவாயா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

நேற்று வீட்டுக்காரி அந்த நகலை என்னிடம் கொண்டுவந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "மேல ரெண்டு பேரு போட்டிருக்காமே, இதுல எங்க நிலத்தப் பத்தி எழுதினது யாரு?"ன்னு கேட்டாள்.

என் பெயரின் மேல் விரலை வைத்தேன்.

அக்கா