ஸ்பீடாமீட்டர் மேல் ஒட்டிய டேப்

பன்னிரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உன்னால் இதைப் படிக்க முடியாது. இருந்தாலும் உன்னிடம் சொல்வதுபோல் எழுதினால்தான் எனக்கு வார்த்தை வருகிறது.

திங்கட்கிழமை என் ஸ்கூட்டருக்கு கிளட்ச் கேபிள் மாற்ற சிவாஜிநகர் போனேன். பஷீர் பாய் பட்டறை இருக்கும் சந்துக்குள் திரும்பும்போதே அந்த வாடை வந்தது. ஃபைபர் உடலை ஒட்டக் கலக்கும் ரெசின் வாடை. மூக்கில் ஏறி நெற்றிக்குள் குத்துகிற வாடை. உள்ளே நம் பழைய கார் நின்றது. அதே சிவப்பு. உடைந்துபோன இடதுபக்க முகப்பைப் புதிதாக வார்த்து ஒட்டியிருந்தார்கள்.

"யாருக்கு பாய்?"

"உங்க தோஸ்த்தோட பாப்பாவுக்குத்தான் சார். எலெக்ட்ரானிக் சிட்டில வேலை கெடச்சிருக்கில்ல. ஞாயித்துக்கிழமை நந்தி மலைக்கு எடுத்துட்டுப் போகுதாம், அப்பா ஞாபகமா. அப்புறம் டெய்லி ஆபீசுக்கு."

"பிரேக்?"

"லைனிங் புதுசு. டிரம் பழசுதான். அப்பா வச்சிருந்த மாதிரியே வேணும், ஒண்ணும் மாத்தாதீங்க பாய்னு சொல்லிடுச்சு."

"எஞ்சின் கதையைச் சொன்னீங்களா?"

பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அல்லா மேல சத்தியம் வாங்கிட்டுப் போனாரு சார் உங்க தோஸ்த்து. உயிரோட இருக்கிற ஆளுன்னா போய்க் கேட்டுட்டு மீறலாம். இப்ப யாருகிட்ட போய்க் கேக்குறது?"

குனிந்து உள்ளே பார்த்தேன். ஸ்பீடாமீட்டர் மேல் நீ ஒட்டிய கறுப்பு டேப் அப்படியே இருந்தது.

தொண்ணூற்று நாலில் அந்த வண்டியை வாங்கினோம். ஒரு காலேஜ் வாத்தியாரும் ஒரு டிராஃப்ட்ஸ்மேனும் சேர்ந்து வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஊரில் அது ஒன்றுதான். யாரோ கையால் செய்த ஃபைபர் உடல், இரண்டே இருக்கை, மழை வந்தால் ஒழுகும் துணிக்கூரை. உள்ளே இருந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் சின்னக் கார்களின் எஞ்சின். ஆர்.சி.யில் உன் பெயர் போதும் என்று நான்தான் சொன்னேன்.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிரேசர் டவுன் முழுக்க அதற்கு "சோப்பு டப்பா" என்று பெயர். ஆனால் உட்கார்ந்து ஓட்டியவனுக்குத்தான் தெரியும். இடுப்புக்கு ஒரு சாண் கீழே ரோடு ஓடும். பக்கத்தில் போகும் லாரியின் சக்கரம் காதுக்கு நேராகச் சுற்றும். அறுபதில் போனால் நூறில் போவதுபோல் இருக்கும். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தி, இரண்டாவது கியரைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்து, ஒரு வளைவை முழுதாக எடுத்து நிமிரலாம். அப்போதும் ஒரு போலீஸ்காரர் கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். "பெரிய எஞ்சின் வச்சிருக்கிறவன் அதுல பாதியத்தான்டா ரோட்டுல காட்ட முடியும்," என்பாய். "மீதி சும்னே, வெட்டியா, அவன் கூடவே வரும். நம்மகிட்ட இருக்கிறது கொஞ்சம். ஆனா அது பூராவும் நமக்கு."

அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஞாயிறு முதல் ஆராதனை முடிந்ததும் நந்தி. ஏறும்போது நீ, இறங்கும்போது நான். டேப் ஒட்டியது உன் யோசனை. "கண்ணு ரோட்டுல இருக்கட்டும். வேகத்தைக் காதால கேளு." மூன்று வருடத்தில் எனக்கு அந்த எஞ்சின் மனப்பாடம். இறக்கத்தில், மஞ்சள் பூசிய கல் இருக்கும் வலது வளைவுக்கு முன்னால், மூன்றாவது கியரில் அது குக்கர் விசிலுக்கு முந்தின நொடிபோல் ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தில் கல்லருகே பிரேக்கைத் தொட்டால் வண்டி தானாகத் திரும்பும்.

பெல்லாரி ரோட்டில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். புதிதாக வந்த பெரிய கார் ஒன்று நம்மைத் தாண்டிப் போனது. பின்சீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் நமக்கு டாட்டா காட்டினார்கள். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உன் கழுத்து சிவந்ததைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்காதது என் பிழை.

அதற்கு மூன்றாவது ஞாயிறு. ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. "என்னடா பண்ணே?" என்றேன். "கார்புரேட்டர் சுத்தம் பண்ணேன், அவ்ளோதான்," என்றாய். மேலே ஆம்லெட் தின்றோம். நீ பாதியை வைத்துவிட்டாய். இடம் மாறி உட்கார்ந்தோம். இறக்கத்தில் மூன்றாவது கியர். காது சொன்னது: இன்னும் சத்தம் வரவில்லை, இன்னும் மெதுவாகத்தான் போகிறாய். மஞ்சள் கல்லில் பிரேக்கைத் தொட்டேன். பெடல் கல்லாக இருந்தது, பிறகு பஞ்சாகப் போனது. வண்டி திரும்பவில்லை. இடதுபக்கக் கல்சுவரில் மோதியபோது உன் முழங்கால் உடைந்த சத்தம் கேட்டது. அது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் உன் மனைவியிடம், "வேகமா வந்துட்டான்," என்றாய். பொய் இல்லை. வேகமாகத்தான் வந்தேன். எவ்வளவு வேகம் என்று எனக்குத் தெரியாமல் செய்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டாய்.

இரண்டு மாதம் கழித்து பாய் பட்டறை மச்சில் சாக்கு சுற்றிய நம் எஞ்சினைப் பார்த்தேன். குஜிரியில், அந்தப் பழைய இரும்புச் சந்தையில், நொறுங்கிக் கிடந்த ஒரு பெரிய காரிலிருந்து எஞ்சினையும் கியர்பெட்டியையும் கழற்றி, நீ நம் வண்டிக்குள் வைத்திருந்தாய். அது எண்பதில் போடும் சத்தம், நம் பழைய எஞ்சின் ஐம்பதில் போடும் சத்தம். பிரேக் மட்டும் பழசு. வருடாவருடம் வகுப்பில் இயக்க ஆற்றல் நடத்துகிறவன் நான். வேகம் கூடினால் நிறுத்தும் தூரம் எப்படிக் கூடும் என்று நான் கரும்பலகையில் எழுதாத வருடம் இல்லை.

உன் கட்டிலருகே வந்து கேட்டேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். "நீ வெளிய சொன்னா அவ வண்டிய நாளைக்கே குஜிரில போட்டுடுவா. உனக்குப் பொண்டாட்டியா பிள்ளையா? நாலு பேர் நாலு நாள் பேசுவான், விடுடா."

நாலு நாள் இல்லை. உன் மனைவி அன்றிலிருந்து எனக்குக் கதவைத் திறக்கவில்லை. சர்ச்சில் மூன்று வரிசை தள்ளி உட்கார ஆரம்பித்தேன், பிறகு இரண்டாவது ஆராதனைக்கு மாறினேன். கிளட்ச்சை அழுத்த முடியாத காலோடு, தார்ப்பாய் போட்ட வண்டியைப் பார்த்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய் என்று கேள்விப்பட்டேன். பத்து வருடத்துக்கு மேல் இருந்தது உனக்கு. பழைய எஞ்சினைத் திரும்ப வைத்திருக்கலாம். பிரேக்கை மாற்றியிருக்கலாம். மகளிடமாவது சொல்லியிருக்கலாம். உன் அடக்கத்தன்று நான் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே நின்றேன்.

நேற்று உன் மகளுக்குப் போன் செய்தேன். பாய்தான் நம்பர் கொடுத்தார். அவளுக்கு ஒன்பது வயதில் அந்த வண்டியில் உன் மடியில் உட்கார்த்தி இரண்டு தெரு சுற்றிக் காட்டியிருக்கிறேன். என் பெயரைச் சொன்னேன்.

"அங்கிள், எங்கப்பா கால உடைச்சவரு எனக்கு டிரைவிங் சொல்லித் தர வேணாம்."

"பிரேக்கைப் பத்தி மட்டும்தான்மா—"

"ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்து நானே சொல்றேன், பிரேக் எப்படி இருந்துச்சுன்னு."

வைத்துவிட்டாள். குரல் அச்சாக உன்னுடையது. பெல்லாரி ரோட்டுக் கழுத்தும் அவளுக்கு இருக்கும் என்று பயமாக இருக்கிறது.

இன்று புதன். இதை வீட்டுக்கு அனுப்பினால் உன் மனைவி என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடுவாள். அதனால் மகளின் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். அவள் என்னை நம்ப வேண்டாம். ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் நம்பரையும் வண்டிக்குள் இருக்கும் எஞ்சினில் பொறித்திருக்கும் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பாயிடம் மச்சில் இருக்கும் சாக்கைப் பிரிக்கச் சொல்லட்டும். அவர் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தார், காட்ட மாட்டேன் என்று இல்லை. அந்தச் சின்ன எஞ்சினைத் திரும்ப வைத்து, டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஓட்டட்டும். அந்த வண்டி தரும் சந்தோஷத்துக்கு அது போதும். நீயே சொன்னதுதான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மனம் வரவில்லை. வேறு கார் நான் வாங்கவே இல்லை. ஆனால் இப்போதும் ஆட்டோவில் போகும்போது மீட்டருக்குப் பக்கத்து வேகமுள்ளைப் பார்க்காமல் கண்ணை மூடி, என்ன வேகம் என்று காதால் சொல்லிப் பார்க்கிறேன். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. நீ கொடுத்ததில் மிஞ்சியது அதுதான்.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன். எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியாமல் போகாது. ஆனால் என் பெயர் இருந்தால், இது பன்னிரண்டு வருடம் கழித்து நான் கேட்கும் நியாயமாகிவிடும். அவள் அதற்குப் பதில் சொல்லத்தான் பார்ப்பாள், நம்பரைப் பார்க்க மாட்டாள். நியாயம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் கேட்டுக்கொள்ளலாம். நாலரைக்குத் தபால் பெட்டியைத் திறப்பார்கள், மணி நாலாகிறது. பெயர் போடாமலே போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.