மலைக்குப் போய்வந்த கடதாசி

மச்சாள்,

உம்முடைய மழைச்சட்டை என் சமையலறைக் கதிரையில் கிடக்கிறது. பொலிசார் ஏழு மாதம் வைத்திருந்துவிட்டு இப்போதுதான் திருப்பிக் கொடுத்தார்களாம். உம்முடைய மகள் ஆரணி அதைக் கிளாஸ்கோவில் இருந்து பார்சலில் ஸ்காபரோவுக்கு அனுப்பிவிட்டாள். பெட்டியை வெட்டியதும் ஈர மண் மணம். அதற்குள்ளே, நீர் முழங்காலுக்குத் தேய்க்கிற தைலத்தின் மணம். வேறு யாராவது என்றால் முகத்தில் ஒற்றி அழுதிருப்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. தூக்கிக் கதிரையில் எறிந்தேன். இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

இப்போது மணி பன்னிரண்டு. ஒரு மணிவரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை பிடியாதீர்.

சட்டையின் உள்பையில் ஒரு கடதாசி மடித்தபடி இருந்தது என்று ஆரணி அதையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். தமிழில் எழுதியிருக்கிறது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நீர் அவளுக்குத் தமிழ் எழுத்துப் படிப்பிக்காமல் விட்டீர், அதற்கும் எனக்கு உம்மில் கோபம்.

எனக்கு உம்மில் கோபம் இன்று நேற்றையதா? கனடாவுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஒரே அறையில் நீர், நான், உம்முடைய அண்ணராகிய என் மனிசன், மூன்று பேரும் முடங்கிக் கிடந்த முதல் மாரியில், விடிய வேலைக்குப் போகும்போது என் பனிச் சப்பாத்தைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போனீர். நான் துணிச் சப்பாத்தோடு கரைந்த பனியில் இழுபட்டுப் போய் எட்டு மணித்தியாலம் ஈரக் காலோடு நின்று வேலை செய்தேன். பின்னேரம் வந்து, "மச்சாள், உங்கடை சப்பாத்து நல்ல சூடு" என்றீர். நாற்பது வருடமாகியும் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

பிறகு கலியாணம் கட்டிக் கிளாஸ்கோவுக்குப் போனீர். அங்கே ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்த வெள்ளைக்காரிகளோடு மலை ஏறப் பழகினீர். உம்முடைய மனிசன் விழுந்து படுத்த பிறகு ஆறு வருடம் வீட்டுப் படியைத் தவிர வேறு ஒன்றிலும் ஏறவில்லை. அவர் போன பிறகு, அறுபத்திரண்டு வயதில், திரும்பவும் தொடங்கினீர். சனம் வாயில் கை வைத்தது. நானும்தான். ஆனால் நீர் துள்ளிக்கொண்டு உச்சிக்கு ஓடவில்லை. முதல் மாதம் பூங்காவில் இருக்கிற மேடு. அடுத்த மாதம் பிள்ளைகள் ஏறுகிற குன்று. "ஆறு வரியத்துக்கு முந்தி ஏறின கால் இது இல்லை, மச்சாள். இதுக்குப் புதுசாச் சொல்லிக் குடுக்கவேணும்" என்றீர்.

நான் அங்கே வந்து நின்ற கோடையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர். கடைக்குக் கூட்டிப்போய்ப் புதுச் சப்பாத்து வாங்கித் தந்து, "இப்ப பார்க்டேல் கோபம் போச்சோ?" என்று கேட்டீர். போகவில்லை என்றேன். உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மணி. திரும்புவம்" என்றீர்.

"உந்தா தெரியுது! இவ்வளவு தூரம் மூச்சு வாங்கினது திரும்புறதுக்கோ?"

"உச்சியிலை ஆர் உங்களுக்குச் சோறு போட நிக்கினம்? வீட்டிலை குறிச்ச நேரத்துக்கு இறங்கவேணும். திரும்புங்கோ."

வழியில் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றித் தந்து ஊதிப் பழகச் சொன்னீர். ஆபத்தென்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு தரம், பிறகு ஒரு நிமிடம் பொறுத்துத் திரும்ப ஆறு. நான் ஊதின ஊதலில் கீழே நாயோடு நின்ற ஒரு கிழவர் அடித்துப் பிடித்து மேலே ஓடிவந்தார். நீர் அவரிடம் கும்பிடாத குறையாக மன்னிப்புக் கேட்டீர். நான் ஒரு கல்லில் இருந்து, வயிறு நோகச் சிரித்தேன். அன்றைக்கு மட்டும் எனக்கு உம்மில் கோபம் இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இறங்கி வந்துதான் ஒரு பொறுப்பை என் தலையில் கட்டினீர். எந்த மலை, எந்தப் பக்கத்தால் ஏறுகிறது, எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லாமல் போகக்கூடாதாம். மனிசன் இருந்த காலத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போவீராம். "இப்ப பிரிட்ஜிலை ஒட்டினால் பிரிட்ஜ்தான் வாசிக்கும். ஆரணிக்குச் சொன்னால் தனியப் போகவேண்டாம் எண்டு நிப்பாள். நீங்கள் கேட்டு எழுதி வையுங்கோ."

நான் எப்படிக் கேட்பேன்? வெளிக்கிடுகிற ஆளை எங்கே போகிறாய் என்று கேட்பது எங்கள் வீட்டில் பெரிய பிழை. கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படி இறங்குவார். மலைக்குப் போகிறவரைக் கேட்பதா? "நான் கேக்கமாட்டன். 'சொல்லும்' எண்டு சொல்லுறன், நீர் சொல்லும்" என்றேன். அப்படியே நடந்தது. முதல் நாள் உமக்கு இரவு எட்டு மணி, எனக்குப் பின்னேரம் மூன்று, தொலைபேசி அடிக்கும். "நாளைக்கு வெளிக்கிடுறன் மச்சாள்." "ம், சொல்லும்." மரக்கறிக் கடைக் கலண்டரில் எழுதுவேன். அடுத்த நாள் உம்முடைய ஆறு மணிக்கு, என் ஒரு மணிக்கு, இறங்கிவிட்டேன் என்று நீர் எடுக்கும்வரை சோற்றில் கை வைக்கமாட்டேன்.

பிறகு உம்முடைய அண்ணர் போய்ச் சேர்ந்து, அவருடைய ஆண்டுத் திவசம் வந்தது. வாறன் என்று சொன்னீர். வரவில்லை. மழைக்குப் பிறகு வெயில் எறித்ததாம், மலைக்குப் போய்விட்டீர். "அண்ணையை மலையிலை நிண்டு கும்பிட்டனான்" என்றீர். "படையலும் அங்கைதான் வைச்சனீரோ?" என்று கேட்டு வைத்துவிட்டேன். மூன்று கிழமை பேச்சு இல்லை.

ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு அடித்தீர்.

"நாளைக்கு வெளிக்கிடுறன், மச்சாள்."

"நல்லது."

நீர் பேசாமல் நின்றீர். எதற்கு நின்றீர் என்று எனக்குத் தெரியும். ஒரு சொல். அதை நான் சொல்லவில்லை.

"சரி, போட்டு வாறன்."

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அழைப்பு வரவில்லை. ரோசம் பிடித்தவள், எடுக்காட்டில் விடட்டும் என்று நினைத்தேன். சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

ஞாயிறு ஆரணி எடுத்துப் பார்த்து, நீர் இல்லாமல் பொலிசுக்குச் சொன்னாள். காரைக் கண்டுபிடித்து, திங்கள் விடியத்தான் உம்மைக் கண்டார்கள். கால் முறிந்திருந்ததாம். இருந்த உடுப்பெல்லாம் போட்டு, குளிர் தாங்குகிற செம்மஞ்சள் பைக்குள் இறங்கி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து, விசிலைக் கையில் வைத்தபடி இருந்தீராம். தொலைபேசி அந்தப் பள்ளத்தில் வேலை செய்யாது. முதல் இரவு உயிரோடு இருந்திருப்பா, செய்யவேண்டியதெல்லாம் சரியாகச் செய்திருக்கிறா, எங்கே தேடுவதென்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை என்று தேடிப்போனவர்கள் சொன்னார்கள். அந்த மலையின் பெயரை இதில் எழுதமாட்டேன். அதோடும் எனக்குப் பேச்சில்லை.

இங்கே உமக்குச் செய்த பிரார்த்தனையில் ஒரு அண்ணை, "கிழவிக்கு ஏன் மலை?" என்றார். "நீங்கள் பிளாசாவுக்குக் கோப்பி குடிக்கப் போய் ஐஸிலை விழுந்து இடுப்பை முறிச்சனீங்கள். கோப்பியை விட்டிட்டீங்களோ?" என்று கேட்டேன். ஆனால் ஆரணி, "மாமி, அம்மா உங்களுக்கும் சொல்லேல்லையா?" என்று கேட்டபோது நான் இல்லை என்றேன், அவ்வளவுதான். பொய் இல்லை. பொய்யை விடக் கேவலம்.

இப்போது உம்முடைய கடதாசி. மேலே "மச்சாளுக்குச் சொல்ல" என்று எழுதியிருக்கிறீர். மலையின் பெயர். தெற்குப் பக்கத்தால் ஏறி அதே வழியால் இறங்குவது. ஆறு மணிக்கு எடுப்பது, ஏழு மணியாகியும் எடுக்காட்டில் பொலிசுக்குச் சொல்லச் சொல்வது. அதற்குக் கீழே, "திவசக் கதையை நானாக எடுக்கிறதில்லை. அவ எடுத்தால் மன்னிப்புக் கேக்கிறது."

மடைச்சி. இதை ஏன் மேசையில் வைக்கவில்லை? காருக்குள் எறிந்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா? எழுதின கையாலேயே மடித்துச் சட்டைக்குள் வைத்து, உம்மைத் தேடவேண்டிய இடத்தை உம்மோடேயே கொண்டுபோயிருக்கிறீர். நான் கேட்பேன் என்று இருந்தீர். நீர் சொல்வீர் என்று நான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆரணி எடுத்தாள். "மாமி, அந்தப் பேப்பரிலை என்ன இருக்கு? ரீட் பண்ணிச் சொல்லுங்கோ." சமையல் குறிப்பு என்று சொல்லிவிட நாக்கு எழும்பியது. சொல்லவில்லை. எல்லாவற்றையும் வாசித்தேன். வியாழக்கிழமைப் பேச்சையும் ஒன்றும் விடாமல் சொன்னேன், கத்தரிக்காய்க் குழம்பையும்.

"ஏழு மாதமா ஏன் சொல்லேல்லை?"

"நீயும் என்னை விட்டிடுவாய் எண்டு பயம்."

தொலைபேசியை வைத்துவிட்டாள். நான் அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

நேற்றுப் பின்னேரம் மூன்று மணிக்கு அடித்தது. "மாமி, நாளைக்கு ஹில்லுக்குப் போறன். அம்மாக்குப் பிறகு முதல்தரம். உங்களிலை இன்னும் கோபம்தான். ஆனால் உங்களுக்குத்தான் சொல்லிப்போட்டுப் போகவேணும்." அதற்குப் பிறகு உம்மைப் போலவே பேசாமல் நின்றாள்.

எழுபத்தொரு வயதுவரை, வெளிக்கிடுகிற ஒருவரையும் கேட்காத வாய். "எங்கை போறாய்?" என்றேன். "எந்தப் பக்கத்தாலை ஏறுறாய்? எத்தினை மணிக்குத் திரும்புவாய்? விசில் வைச்சிருக்கிறியோ?"

நான் விசில் ஊதின அதே மலைதானாம். கலண்டரில் எழுதினேன். உம்முடைய கடதாசியைப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

இப்போது பன்னிரண்டு ஐம்பது. சோறு வடித்து மூடி வைத்திருக்கிறேன். ஒரு மணிக்கு அவள் எடுக்கவேண்டும். இரண்டு மணியானால் நான் பொலிசுக்கு எடுப்பேன். அதுவரை மூடியைத் திறக்கமாட்டேன்.