தாணுவின் மண்வாரிக்குப் பேய் பிடிக்கவில்லை

அன்பு மச்சினன் தாணுவுக்கு,

சுகமா என்று தொடங்க நினைத்தேன். "அவனுக்கு இனி என்ன நோவு வரப்போகு, விஷயத்த எழுதும்" என்று உன் அக்காள் அதட்டுகிறாள். சரி, விஷயம் இதுதான். உன் மண்வாரி ஓடுகிறது!

எழுதுவது நானேதான். நீ போன பிறகு முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுத்துப் படித்தேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் வாயில் போட்ட வெற்றிலை தீர்ந்துவிடுகிறது. ஆனால் 'ழ' வரும்போது கை தானாகச் சுழன்று ஓடுகிறது. அது என்ன சந்தோஷம் தெரியுமா? எழுதி முடித்ததும் இதை நம் வாசகசாலைச் சுவரில் ஒட்டப் போகிறேன். உன்னைப் பற்றி ஊர் பேசிய பேச்சுக்கு ஊர் முன்னால்தானே பதில் சொல்ல வேண்டும்?

யுத்தத்தில் ஓடி ஓய்ந்த பழைய டீசல் மண்வாரி அது. கொச்சியில் ஏலம் எடுக்க நம் ஐந்து பேரையும் கூட்டியவன் நீ. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வந்தாலும் தங்க இடமில்லாமல் தூர்ந்து கிடக்கிற நம் குளத்தை இதுதான் ஆழமாக்கும் என்று அடித்துச் சொன்னவனும் நீ. பாதிக் குளம் ஆனபோது காய்ச்சல் உன்னை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து நீ திரும்பவில்லை.

உனக்குப் பின் கோலப்பன் வண்டி ஓட்டினான். உன் கூடவே இருந்து பழகியவன், குறை சொல்வதற்கில்லை. ஒரு நாள் காலை இன்ஜினைக் கிளப்பி வேகம் கொடுத்தான். அது ஏறிக்கொண்டே போனது. வேகக் கம்பியைத் திரும்ப இழுத்தும் இறங்கவில்லை. வண்டி முழுக்க நடுங்கி, புகை குளத்தையே மூடிவிட்டது. கோலப்பன் குதித்து ஓடி, சேற்றில் குப்புற விழுந்தான். கொஞ்ச நேரம் அலறிவிட்டு அதுவே அடங்கியது. அடுத்த வாரமும் அப்படி. அதற்கடுத்த வாரமும்.

"செத்தவனுக்கு ஆசை அடங்கல்ல வே. தாணுதான் வந்து முறுக்குகான்" என்றார் நம் மூத்த பங்குக்காரர் பரமேசம் பிள்ளை.

"பேயின்னா கூலி கேக்காம குளத்த வெட்டிட்டுப் போட்டுமே, ஒமக்கு என்ன நட்டம்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குழித்துறையில் பழைய இரும்பு வாங்குகிற வியாபாரிக்கு ஆள் அனுப்பிவிட்டார். சனிக்கிழமை வந்து உடைத்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

நான் நாகர்கோவிலுக்குப் போய், பஸ் ஷெட்டில் வேலை பார்க்கிற ஃபிட்டர் யோவானைக் கூட்டி வந்தேன். வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரைத் திறந்தான். ஸ்பிரிங் நன்றாக இருந்தது. டீசல் பம்பின் உள்ளே இருக்கிற கம்பியும் எங்கும் சிக்காமல், விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போனது. இன்ஜினைக் கிளப்பினான். அன்று முழுவதும் அது கோயில் மாடு மாதிரி சாதுவாக நின்றது.

"இதுல ஒரு கேடும் இல்லியே, பாட்டா?" என்றான் யோவான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலறியது எல்லாம் சனிக்கிழமை காலையில். ஊரார் அதையும் சனியின் பார்வை என்று சொல்லிக்கொண்டார்கள். யோவானிடம் சொன்னேன். "அப்போ சனிக்கிழமையே வாறேன். ஒரு சாக்க நனச்சு வையும்" என்று போனான்.

வந்தான். கோலப்பன் வேகம் கொடுத்ததும் இன்ஜின் பழையபடி அலறியது. யோவான் டீசலை முழுக்க நிறுத்தினான். அப்போதும் நிற்கவில்லை! நனைந்த சாக்கைச் சுருட்டி, இன்ஜின் காற்று இழுக்கிற வாயில் அமுக்கினான். இரண்டு முறை செருமிவிட்டு அணைந்தது.

"டீசல நிறுத்தியும் ஓடுகுன்னா, வேற எதையோ குடிக்கு" என்று காற்றுச் சல்லடையைக் கழற்றினான். அதன் அடியில், தூசியைப் பிடிக்க எண்ணெய் நிற்கிற கிண்ணம் இருக்குமே, அதில் பாதியில் ஒரு கோடு உண்டு. எண்ணெய் அந்தக் கோட்டைத் தாண்டி விளிம்பு வரை ததும்பி நின்றது. கோட்டுக்கு மேலே நின்ற எண்ணெயைக் காற்றோடு உறிஞ்சி எரித்துத்தான் இன்ஜின் அப்படிப் பறந்திருக்கிறது. அது தீர்ந்ததும் அடங்கியிருக்கிறது.

"எவம்லே இவ்வளவு எண்ண விட்டது?" என்று கேட்டேன்.

கோலப்பன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான்தான் அண்ணே."

உன் வீட்டுக்காரி பகவதி, தாணு. வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் வந்து, வண்டிக்கு ஒரு செம்பரத்திப் பூ வைத்து, கிண்ணத்தையும் நிறைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"வெள்ளிக்கெழம அவரு அதத் தொறந்து எண்ண விடுகதப் பாத்திருக்கேன். வீட்டு விளக்குலயே கொறைய விடமாட்டோம். அவரு வண்டியில கொறைய விடுவனா?"

நீ ஒருநாளாவது அவளுக்கு அந்தக் கோட்டைக் காட்டியிருக்கக் கூடாதா?

யோவான் மெதுவாகச் சொன்னான். "யக்கா, இந்த விளக்கு அரைக் கிண்ணத்துலதான் நல்லா எரியும்."

"அப்போ பேயி நான்தானா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள். அழுதுகொண்டே மறுபடியும் சிரித்தாள்.

அந்நேரம் பார்த்து வியாபாரி சுத்தியல் ஆட்களோடு வந்து இறங்கினார். சொன்ன வாக்கு என்ன ஆவது என்றார் பரமேசம் பிள்ளை. நான் வண்டியின் சங்கிலிச் சக்கரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"என் பங்கும் தாணு பங்கும் விக்கதுக்கில்ல. மத்த மூணு பங்கு இந்த வண்டியில எங்கன இருக்குன்னு காட்டும், அத மட்டும் உடச்சுக்கிடட்டும்."

யோவான் கிண்ணத்தை வடித்து, கோடு வரைக்கும் எண்ணெய் விட்டு மாட்டினான். கோலப்பன் கிளப்பினான். வேகம் கொடுத்தான், ஏறியது. குறைத்தான், இறங்கியது. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிக் காட்டினான். வியாபாரி கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓடுக வண்டிய உடச்சா எனக்குச் சோறு எறங்காது" என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பரமேசம் பிள்ளை விடவில்லை. தண்ணீர் திறப்பதற்குள் கிழக்குக் கரை வரை மண் எடுத்தாக வேண்டுமாம், இன்னொரு தடவை அலறினால் விற்றுவிடுவாராம். பகவதி இனி வண்டிப் பக்கம் வரக்கூடாது என்றும் சொன்னார். முதலாவதற்குச் சம்மதித்தேன். இரண்டாவதைக் காதிலேயே வாங்கவில்லை. கடைசியில் சொன்னதற்கு மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் அவள் கையால்தான், கோடு வரைக்கும்.

தாணு, கேட்டுக்கொள். கிழக்குக் கரையைத் தொடாமல் இந்த வண்டி குளத்தை விட்டு ஏறாது. விற்க வருகிறவர்கள் முதலில் என்னைத் தூக்கி இறக்க வேண்டும். நீ வெட்டிய பள்ளமும் நாங்கள் வெட்டுகிற பள்ளமும் ஒன்றாகி அதில் தண்ணீர் நிற்கிற அன்று, முதல் குடத்தைப் பகவதிதான் மொள்ளுவாள். அதை எவ்வளவு வேண்டுமானாலும் நிறைத்துக்கொள்ளட்டும்.

உன் அக்காளைக் கட்டிய அத்தான்,
மாதேவன்