ஐந்தாவது கோபிகை

ஐப்பசி 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. இட்லிக்கு ஊறப் போட வேண்டும்.

பதினோரு மணிக்கு அவர் ஆட்டோவில் கிருஷ்ணனைக் கொண்டுவந்து இறக்கினார். தஞ்சாவூர்ப் படம், மாமியார் காலத்தது. பின்பலகையில் பூஞ்சை. தி.நகர் பிரேம் கடைக்குப் போய்ப் பன்னிரண்டு நாள். அத்தனை நாளும் பூஜை அறையில் வெறும் ஆணிக்குத்தான் நமஸ்காரம்.

மாட்டியதும் பார்த்தேன். சரியில்லை.

1. கிருஷ்ணன் வெளுத்திருக்கிறான். நம்மவன் நெய் நிறம்.

2. கண்ணாடியில் பொட்டு ஒன்றுகூட இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் நாலு மூலையிலும் சந்தனம், மேலே குங்குமம். பழையதைத் துடைக்காமல் அதன் மேலேயே புதியது. மாமியார் வைத்த வழக்கம். கல்யாணமாகி வந்த நாள் முதல் முப்பத்தொரு வருஷமாக நானும் அப்படியே. ஒவ்வொன்றும் வடகம் போலத் தடித்திருந்தது. துடைக்கவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

3. தொட்டிலைச் சுற்றி கோபிகைகள் ஐந்து பேர். நம் படத்தில் நான்கு. ஐந்தாவது, கீழே இடது மூலையில், தூணுக்குப் பின்னால். கட்டைவிரல் நுனி அளவு. முகமும் ஒரு கையும் மட்டும்.

"ஏன்னா, நம்ம படத்துல கோபிகை நாலு பேர்தானே?"

"நாலோ அஞ்சோ, யார் எண்ணிண்டிருந்தா?"

"நான் எண்ணிண்டிருந்தேன்."

"பிரேம் கடை பாய் நன்னா தொடச்சுட்டார், அதான் பளிச்னு இருக்கு. காபி இருக்கா?"

துடைத்தால் அழுக்கு போகும். ஆள் வருவாளா?

ஐப்பசி 7, புதன்

மழை இல்லை. பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது.

நவராத்திரியில் மாடி வீட்டு மாமியோடு ஒரு ஆள் வந்தார். பழைய பொருள் வாங்கி விற்கிறவராம். கொலுவைப் பார்க்கவே இல்லை. கிருஷ்ணன் எதிரே பத்து நிமிஷம். "குடுக்கறதா இருந்தா சொல்லுங்க சார்." அவர் சிரித்து, அந்த ஆள் நீட்டிய விலாசச் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கிழிக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் பூஞ்சை அவர் கண்ணில் பட்டது. முப்பது வருஷமாகப் பூஜை அறையில் வத்திப்பெட்டி எங்கே என்று கேட்கிற மனுஷர்.

இன்று தானே விளக்கேற்றினார். சாயங்காலம் மறுபடி சந்தியாவந்தனம்.

மத்தியானம் படநோட்டை எடுத்தேன். பிடித்த படங்களை ஒட்டி, பக்கத்தில் தோன்றியதை எழுதும் நோட்டு. யாரிடமும் கற்றதில்லை, லைப்ரரி புத்தகம், பழைய காலண்டர், போனில் வருவது, அவ்வளவுதான். முதல் பக்கம் மாமல்லபுரம் பெரிய பாறை. பல்லவர் காலம். எல்லோரும் யானையைப் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது பூனை. முன்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி, பின்காலில் நின்று, விலா எலும்பு தெரியத் தவம். சுற்றிலும் எலிகள், நம்பிக்கொண்டு. செதுக்கினவன் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்திருக்க வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பால்கனியில் அவர் போனில், குரலைத் தாழ்த்தி: "ஆமாம்... இல்ல, அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்."

ஆக, விஷயம் இருக்கிறது.

ஐப்பசி 9, வெள்ளி

சந்தனம் அரைத்தேன். கல்லிலேயே காய்ந்தது. பொட்டு வைக்கக் கை வரவில்லை. இது நம் கிருஷ்ணன் இல்லையென்றால் யாருக்கு வைப்பது? முப்பத்தொரு வருஷம் சொன்னதையெல்லாம் கேட்டவன் இப்போது யார் வீட்டுச் சுவரில்? பிரசவத்துக்கு முன் சொன்னது, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொன்னது. பூ மட்டும் சாத்தினேன். பட்டும்படாமல், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு வைப்பது போல.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ் பிடித்து மியூசியம். வெண்கலச் சிலைகளின் கூடத்தில் எனக்கு ஒரு அம்மன் உண்டு. சோழர் காலம். பழக்கத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன்.

காவலாளி அம்மா: "மாமி, செருப்ப போட்டுக்கினு வாங்க. இது கோயிலு இல்ல. தரை வழுக்கும்."

"உனக்கு இல்ல, எனக்குக் கோயில்."

"அப்ப விழுந்தா அம்மன் தூக்குவா, என்னைக் கூப்பிடாதீங்க."

பட்டு இல்லை, மாலை இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து, கை பூவுக்காகக் காத்திருக்கிற மாதிரி. கோயிலில் இத்தனை வருஷமாக முகத்தையும் புடவைக் கரையையும் தவிர என்ன பார்த்திருக்கிறேன்? இவளுக்கு முதுகு இருப்பதே இங்கே வந்துதான் தெரியும். நல்ல முதுகு. முதுகைக் காட்டப் பயப்படாதவள்.

திரும்பி வந்தால் அவர் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வைத்திருக்கிறார். கேட்காமல். கணக்கில் எழுதினேன், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஐப்பசி 11, ஞாயிறு

பலத்த மழை. மின்சாரம் இரண்டு தடவை போனது. உப்புமா.

கிரீடத்தில் பச்சைக் கல் ஒன்று விழுந்த குழி, அதே இடத்தில் இருக்கிறது. பாதி நம்பிக்கை வந்தது. உடனே தோன்றியது: கல் வைக்கத் தெரிந்தவனுக்குக் குழி வைக்கத் தெரியாதா?

படநோட்டு, பக்கம் பதினாலு. பால் ஊற்றும் பெண். ஹாலந்து தேசம், முந்நூறு நானூறு வருஷம் முன்பு. நோட்டில் நான் சந்தேகப்படாத ஒரே படம். பால் கெட்டி, தண்ணீர் கலக்கவில்லை. தாரை விழுகிற விதத்தில் தெரிகிறது. ரொட்டி நேற்றையது. முழங்கைக்குக் கீழே கை சிவந்திருக்கிறது, பாத்திரம் தேய்க்கிறவள். யாருக்காகவும் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

நேராகக் கேட்டேன்.

"அந்த சீட்டு எங்கே?"

"எந்த சீட்டு?"

"கொலுவுக்கு வந்தவர் குடுத்தாரே."

"அதுவா... எங்கயாவது இருக்கும்." பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் நேற்றையது.

ஐப்பசி 13, செவ்வாய்

வெயில். பல் டாக்டர், அடையாறு. காத்திருக்கும் கூடத்தில் பெரிய நவீனப் படம். சிவப்பு வட்டங்கள், கறுப்புக் கோடு. மூன்றாவது தடவையாகப் பார்க்கிறேன், மெல்லப் பிடித்து வருகிறது. இன்று கண்டுபிடித்தேன்: மேல் இடது மூலையில் கையெழுத்து, தலைகீழாக. ரிசப்ஷன் பெண்ணிடம் சொன்னேன்.

"தெரியல மேடம். வாங்கினதுலேர்ந்து இப்படித்தான் மாட்டியிருக்கு."

இத்தனை பல்லைப் பார்க்கிறவர் இதைப் பார்க்கவில்லை.

அந்தத் தைரியத்தில் நேராக தி.நகர், பிரேம் கடை.

"வாங்க மாமி! இன்னா, கிருஷ்ணர் நல்லா கீறாரா?"

"பாய், பொட்டை ஏன் தொடச்சீங்க?"

"நானா? இருபது வருசமா எல்லா சாமி படமும் பண்றேன். ஒரு பொட்ட தொட்டது கெடையாது. சார் இன்னா சொன்னாரு?"

"நீங்க தொடச்சீங்கன்னு."

பாய் தலையைச் சொறிந்தார். மேஜைக்கு அடியிலிருந்து பேப்பர் சுற்றிய கட்டு ஒன்றை எடுத்தார். பிரித்தால் கண்ணாடி, இரண்டு துண்டாக. நாலு மூலையிலும் என் பொட்டு.

"ஆட்டோலருந்து எறங்கறப்போ சார் கை தவறிச்சு மாமி. சாமி படத்து கண்ணாடி ஒடஞ்சா வூட்டுக்கு ஆவாதாமே? மனுசன் மூஞ்சே செத்துப்போச்சு. அவளுக்குத் தெரிய வேணாம் பாய்னு ஒரே கெஞ்சல். நேத்து கூட போனு, புதன்கெழம கூட போனு."

"இதை ஏன் வெச்சிருக்கீங்க?"

"பொட்டு வெச்சது, குப்பைல எப்படிப் போடறது? நீங்களே சொல்லுங்க."

பஸ்ஸில் கட்டை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர், "இன்னாமா, டிவியா?"

வீட்டில் அவர் கூடத்து நாற்காலியில். படத்தை இறக்கினேன், துண்டுகளைச் சேர்த்து மேலே வைத்தேன். கிருஷ்ணன் மறுபடி நெய் நிறம். பொட்டு நாலும் மூலைக்கு மூலை. இடது கீழ்ப் பொட்டுக்கு அடியில் தூணும் இல்லை, அவளும் இல்லை. நான்கு கோபிகைகள். எடுத்தேன். ஐந்து. வைத்தேன். நான்கு.

நம் கிருஷ்ணன்தான்.

"ஒடஞ்சுதுன்னு சொன்னா நீ தூங்கியிருக்க மாட்டே. ஒரு மண்டலம் பட்டினி கிடப்பே," என்றார். உண்மைதான்.

"இவ இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சின்ன வயசுல பார்த்திருக்கேன். அம்மாதான் பொட்டு வெச்சு மறைச்சா. 'இவ பார்வையே சரியில்லடா, எதையோ எண்ணிண்டே இருக்கா'ம்பா. நீ கேட்டப்பவே சொல்லியிருப்பேன். சொன்னா கண்ணாடிக் கதையும் வெளியில வரும்."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அவள் கை, தொட்டிலுக்கு மேலே தொங்கும் வெண்ணெய் உறிகளுக்கு நேராக, இரண்டு விரல் மடங்கி. ஆமாம், எண்ணுகிறாள். உறி ஆறு. கண் கிருஷ்ணன் மேல் இல்லை. படத்தை விட்டு வெளியே, கூடத்துப் பக்கம்.

ரசம் வைத்தேன்.

ஐப்பசி 16, வெள்ளி

தூறல். பால் அரை மணி தாமதம். உடைந்த கண்ணாடியைக் கடலில் போடலாம் என்றார். யார் காலையாவது கிழிக்கும். துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன்.

படநோட்டு, புதுப் பக்கம்: நம் கிருஷ்ணன். இத்தனை நாள் நோட்டில் இவனைச் சேர்க்கத் தோன்றவில்லை. எழுத ஒரு வரியும் வரவில்லை. பிறகு.

சந்தனம் அரைத்து மூன்று மூலைக்கு வைத்தேன். நாலாவதுக்கு விரலைக் கொண்டுபோய் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்த சுமங்கலி. ஊதுவத்திக் குச்சியின் முனையில் துளிக் குங்குமம் தொட்டு, கண்ணாடி மேல், அவள் நெற்றிக்கு நேராக மட்டும்.

சீட்டு எங்கே என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அவள் பார்வை போகிற இடத்தில்தான் அவர் நாற்காலி. பார்க்கட்டும்.