நான் சேர்க்காத தளம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரியகுளம் விடுதியிலிருந்து வேல்விழி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. மாணவிகள் கண்டதையும் பார்க்காமலிருக்க, குறித்துக் கொடுத்த இணையதளங்களுக்குள் மட்டும் தேடும் பக்கம் ஒன்றை ஆசிரியர்கள் உருவாக்கினார்கள். நான்தான் உதவினேன். "பாடத்துக்கு உள்ளத மட்டும் போடு, ஆத்தா" என்றார் ரஃபியா டீச்சர். பதினான்கு தளங்களைச் சேர்த்தேன். விடுதிக் கணினியில் இப்போது அந்தத் தேடல் மட்டும்தான்.

சென்னைக் கல்லூரி நுழைவுத்தேர்வு அறிவிப்பை அதிலேயே தினமும் தேடினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் அறிவிக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லூரியின் தளத்தை நான் சேர்க்கவே இல்லை, அப்பா. விண்ணப்பிக்கும் கடைசி நாள் போன வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது.

"தேடுற பக்கத்தச் செஞ்சவளுக்கே தேடத் தெரியலையாடி?" என்று என் அறைத்தோழி மதீனா சிரித்தாள். நானும் சிரித்தேன். டீச்சர் கல்லூரிக்குப் போன் செய்து பார்த்துவிட்டு, "முடியாதுன்னுட்டாக" என்றார்.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுங்கள். நீங்களே வந்தாலும் சரி.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள். ஆண்டிபட்டி மில்லில் எனக்குக் கேட்டு வைத்த வேலையை வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லையென்றால், சொல்ல வேண்டாம் அப்பா.

உங்கள் மகள்
வேல்விழி